வானில் போய் வான் பார்த்த கதை

சோறு வேக மறுத்தது. முக்கால் மணித்தியாலமாகப் பானை தளதளவென்று கொதிக்கிறது. அகப்பையில் எடுத்து நசுக்கிப் பார்த்தால் பருக்கையின் நடு இன்னும் அரிசியாகவே கிடக்கிறது. பேர்ண் நகரத் தமிழ்க் கடையில் வாங்கிய நல்ல புழுங்கல் அரிசிதான்.

"அரிசியிலை பிழையில்லை அண்ணை. நாங்கள் நிக்கிற இடத்திலைதான் பிழை," என்றாள் தங்கச்சி.

நாங்கள் நின்றது ஃபுர்கா கணவாய். சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலையில் 2,429 மீற்றர் உயரம். அங்கே தலைக்கு மேலே மிஞ்சியிருக்கும் வளியின் பாரம் கடற்கரையில் இருப்பதில் முக்கால்வாசிதான். நீரை அமுக்கிப் பிடித்திருக்கும் கை தளர்ந்தால் அது முந்திக்கொண்டு ஆவியாகப் பார்க்கும். ஆகவே 100 பாகை வரை காத்திராமல் ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் பானையில் சூடு ஏறாது. பார்வைக்குக் கொதி, அரிசிக்கு அரைச்சூடு. மச்சான் வண்டியின் அடித்தட்டைக் கிளறிக் குக்கரை எடுத்து வந்தார். குக்கர் என்பது மூடிக்குள்ளேயே அமுக்கத்தைக் கூட்டிக்கொள்ளும் பாத்திரம். ஐந்தாவது விசிலில் எங்கள் ஊரான புதுக்குடியிருப்பின் சோறு கிடைத்தது.

நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். அமுக்கம் குறைந்தால் கொதிநிலை இறங்கும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். பசியோடு படித்தது அன்றுதான்.

அந்த முப்பது வருடத்தில் என்னைச் சங்கடப்படுத்திய பாடம் ஒன்று உண்டு: பனிக்கட்டியாறு. எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு அதுதான் பெயர். U வடிவப் பள்ளத்தாக்கை வெண்கட்டியால் கீறி, அம்புக்குறி போட்டு, நான் பார்த்தேயிராத ஒன்றைக் கண்டவன் போல விளக்குவேன். ஒருமுறை பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பினான். "சேர், ஆறெண்டால் ஓட வேணும். கட்டியெண்டால் கிடக்க வேணும். கட்டி என்னெண்டு ஓடும்?" மெதுவாக ஓடும் என்று சொல்லி இருத்திவிட்டேன். அது மறுமொழியல்ல என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓய்வு பெற்றபின், 2023 ஓகஸ்ட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவளும் மச்சானும் பேர்ணில் இருக்கிறார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஈழத்தமிழர் வாழும் நாடு அது; ஆனால் அங்கே முப்பது வருடம் இருந்தும் பனிக்கட்டியாற்றை அண்மையில் போய்ப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். மச்சானும் அவர்களில் ஒருவர். வேலை, வீடு, கோயில், திரும்ப வேலை. மருமகன்தான் கேம்பர் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்தான்.

எங்கள் ஊரில் வான் என்ற சொல்லுக்கு மூன்று பொருள். தலைக்கு மேலே இருப்பது ஒன்று. றோட்டில் ஓடுவது ஒன்று. குளம் நிரம்பி மிஞ்சிய நீர் வழிகிற இடம் மூன்றாவது. மாரியில் "குளம் வான் பாயுதாம்" என்று கேள்விப்பட்டால் அரைவாசி ஊர் சைக்கிளில் போய் நிற்கும். இந்தப் பயணத்தில் மூன்று வானும் சேர்ந்துகொண்டன.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இரண்டு பேர் படுக்கலாம், பின்னால் இரண்டு பேர். கஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, அதற்கு ஒரு தண்ணீர்த் தாங்கி. வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதினமில்லை. 2009இன் முதல் மாதங்களில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகட்டிலிருந்து ஆட்டுக்கல்வரை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள். அதையே வாடகை கொடுத்து, விடுமுறைக்கென்று செய்கிறார்கள் என்றதும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேம்பர்கள் இரவில் தரித்து நிற்க ஒதுக்கிய இடங்களை மருமகன் 'காம்பிங்' என்றான். அதைத் தமிழில் முகாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காம்பிங் என்றே வைத்துக்கொண்டேன்.

பேர்ணிலிருந்து இரண்டு ஏரிகளின் கரையோடு போய், மைறிங்கன் என்ற சிற்றூரைத் தாண்டினால் கிறிம்சல் கணவாய்க்கு ஏற்றம் தொடங்கும். வளைவுகளில் மஞ்சள் தபால் பேருந்துகள் மூன்று சுரத்தில் ஹோண் அடித்துக்கொண்டு வரும். ரொசினியின் 'வில்லியம் ரெல்' இசைநாடகத்திலிருந்து எடுத்த சுரமாம். இந்த மலைவழிகளில் அவற்றுக்குத்தான் முன்னுரிமை. கேட்ட உடனே மச்சான் வண்டியை ஓரத்தில் ஒதுக்கி, கைகூப்பாத குறையாக நிற்பார்.

மைறிங்கனில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது, இந்த ஊர் விறகுவெட்டி ஒருவரை நினைத்துக்கொண்டேன். பெயர் வரலாற்றில் இல்லை. 1834இல் ஷார்பொன்தியே என்ற புவிச்சரிதவியலாளர் லூசேர்ண் நகரில் ஒரு கட்டுரை வாசிக்கப் போய்க்கொண்டிருந்தார். பனிக்கட்டியாறுகள் ஒருகாலம் மிகப் பெரிதாக இருந்தன என்பதுதான் கட்டுரை. வழியில் இந்த விறகுவெட்டி சேர்ந்து நடந்தார். பாதையோரம் கிடந்த கருங்கற் பாறை ஒன்றை ஷார்பொன்தியே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, இந்தக் கல் கிறிம்சலிலிருந்து வந்தது, அங்கேயிருந்த பனிக்கட்டியாறு முந்தி பேர்ண் மட்டும் நீண்டு கிடந்தது, அதுதான் கொண்டுவந்தது என்று சாதாரணமாகச் சொன்னாராம். வெள்ளம் இதை இவ்வளவு உயரத்தில் கொண்டுவந்து வைத்திருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அறிஞர் சபையில் யாரும் நம்பப் போவதில்லை என்று பயந்துகொண்டு போனவருக்கு, கேட்காமலே ஒரு சாட்சி.

அதற்கும் பத்தொன்பது வருடம் முன்னர், 1815இல், பெரோதான் என்ற மலை வேடர் இதே கதையை இதே ஷார்பொன்தியேயிடம் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார். 1837இல் லூயி அகாசி நொய்ஷாத்தல் நகரில் பேசிய பேச்சோடுதான் 'பனியுகம்' உலகப் பேச்சானது. புத்தகங்களில் அகாசிக்குப் படமும் பக்கமும் உண்டு. நானும் அகாசி பெயரைத்தான் படிப்பித்தேன். எந்தக் குளக்கட்டில் எந்த இடம் கசியும் என்று பொறியியலாளருக்கு முன்னமே சொல்லிவிடும் கமக்காரர்களை எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பெயரில்லாத விறகுவெட்டிமேல் ஒரு சொந்தம்.

அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது கிறிம்சல் ஏற்றத்தில் வெளிச்சமாகிறது. ஹாண்டெக் என்ற இடத்தில் றோட்டோரம் மலைச்சரிவு முழுவதும் யானை முதுகு போல வழவழத்த கருங்கல். கைவைத்துத் தடவினால் அம்மியின் நடுவைத் தடவுவது போல இருக்கிறது. ஊன்றிப் பார்த்தால் மெல்லிய கீறல்கள், எல்லாம் பள்ளத்தாக்கின் போக்கிலேயே. பனிக்கட்டி தனியே கருங்கல்லை அரைக்காது, அது மென்மையானது. தன் அடியில் கௌவிப் பிடித்திருக்கும் கற்களால்தான் அரைக்கிறது. குழவி அந்தக் கற்கள். மேலே நூற்றுக்கணக்கான மீற்றர் பனியின் பாரம் அரைக்கிற கை. பாறை முதுகுகளின் மேற்புறம் வழவழப்பு, கீழ்ப்புறம் கரடுமுரடு. கீழ்ப்புறத்தில் நீர் வெடிப்புக்குள் புகுந்து உறைந்து, கட்டி நகரும்போது கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரு பாறையைச் சுற்றி வந்தால் போதும், பனி எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கருங்கல்லின் வயது ஏறக்குறைய 30 கோடி ஆண்டு. அந்த எண்ணை யோசித்தபடி நான் கொஞ்ச நேரம் அந்தச் சரிவிலேயே இருந்துவிட்டேன். அந்தக் காலத்தில் இன்றைய சுவிற்சர்லாந்து நிலம் மத்தியகோட்டுக்குப் பக்கத்தில், சூடான சதுப்புக் காடுகளோடு கிடந்தது. எங்கள் நிலம் இந்தியாவுக்கும் அண்டார்டிக்காவுக்கும் நடுவே, கொண்டுவானா என்ற பெருங்கண்டத்துக்குள், தென்துருவப் பக்கம் செருகிக் கிடந்தது. அந்தப் பெருங்கண்டத்தின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் பனி கொண்டுவந்து கொட்டிய பாறைப் படிவை 1856இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். இலங்கையின் அடித்தளப் பாறைகளில் ஒரு தொகுதிக்கு உலகப் புவிச்சரிதவியலில் பெயரே வன்னித் தொகுதி. அதன் உறவுப் பாறைகளை இன்று அண்டார்டிக்காக் கரையில் போய்த் தேடுகிறார்கள். அவர்கள் வெயிலில் இருந்தபோது நாங்கள் பனியில் இருந்திருக்கிறோம். மருமகனுக்குச் சொன்னேன். "அப்ப மாமா, நீங்கள் இப்ப திரும்பி வந்திருக்கிறியள்," என்றான்.

மேலே ஏறினால் கிறிம்சல் ஏரி. இயற்கை ஏரியில்லை, மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கியது. 1932இல் முடிந்த பழைய அணைக்கு முன்னால் புதிய அணை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நீரின் நிறம் பாலில் கொஞ்சம் மயிலிறகைக் கரைத்தது போல. சாயமில்லை. அம்மியில் அரைபட்ட கல்மா அது. கோதுமை மாவைவிட நுண்ணியது, அடியில் படியாமல் நீரிலேயே தொங்கி நிற்கும்; வெயிலின் நீலத்தையும் பச்சையையும் சிதறடித்துக் கண்ணுக்கு அனுப்பும். மாரியில் எங்கள் ஆறுகள் கொண்டுவரும் செங்கலங்கலும் இதுவும் ஒரே வேலைதான், மண்ணும் அரைத்த கையும் வேறு.

கிறிம்சல் ஏரியின் கொள்ளளவு சுமார் ஒன்பதரைக் கோடி கனமீற்றர் என்று மருமகன் கைபேசியில் பார்த்துச் சொன்னான். நான் விடவில்லை. எங்கள் இரணைமடுக் குளம் பதின்மூன்று கோடிக்கும் மேலே. மச்சானுக்கு அன்றைக்கு முழுவதும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

குளம் என்றால் என்ன? மழைநாளில் வருவதைப் பிடித்து வெயில் நாளுக்கு வைத்துக்கொள்வது. ஐப்பசி முதல் தை வரை கொட்டும் வாடைமழையைக் கட்டுப் போட்டு மறித்து, சிறுபோகத்தில் துருசு திறந்து விடுகிறோம். இதையே அல்ப்ஸ் மலை கட்டும் துருசும் இல்லாமல் செய்கிறது. குளிர்காலத்தில் விழுவது மழையாக விழுந்தால் அன்றே ஓடிப்போயிருக்கும். பனியாக விழுவதால் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கோடையில் உருகி இறங்குகிறது. இதன் துருசுக்குக் காவல் சூரியன். மழை பொய்த்து வெயில் கடுக்கிற வருடத்தில் குளம் வற்றும். பனிக்கட்டியாறோ அந்த வருடத்தில்தான் கூடுதலாக நீர் விடும். தேவை அறிந்து தானே திறக்கிற துருசு. எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கிடைக்காத வேலையாள்.

உயரம் மட்டும் பனியைக் கொண்டுவந்துவிடாது. ஃபுர்காவைவிட எங்கள் பீதுருதாலகால மலை 95 மீற்றர் உயர்வு. அங்கே விடியப்புறத்தில் சில நாட்களில் புல் உறையும், அவ்வளவுதான். ஒவ்வொரு கிலோமீற்றர் ஏற்றத்துக்கும் வளி சராசரியாக ஆறரைப் பாகை குளிரும். ஆனால் எந்தச் சூட்டிலிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பதும் கணக்கில் சேரும்.

கிறிம்சலைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் கிளெட்ச் என்ற இடம். ஒரு பழைய விடுதி, ஒரு சின்னத் தேவாலயம், சுற்றிவரப் புல்வெளி. 1850களில் ரோன் பனிக்கட்டியாறு மேலேயிருந்து பாறைச் சுவரால் வழிந்து இந்தப் புல்வெளி வரை விரித்த விசிறி போலக் கிடந்தது. விடுதிச் சன்னலிலிருந்தே பார்த்திருப்பார்கள். இன்று கிளெட்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மொட்டைப் பாறையும் அதில் ஒரு வெள்ளை நீர்க்கோடும்தான். கொண்டை ஊசி வளைவுகளால் திரும்ப ஏறி, 'பெல்வெடேர்' என்ற பூட்டிய விடுதிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். ஜேம்ஸ் பொண்ட் படமொன்று இந்த வளைவுகளில் எடுத்ததாம். மருமகனுக்கு அது பெரிது. எனக்கு அதற்குப் பின்னால் கிடந்ததுதான் பெரிது.

முதற்பார்வையில் ஏமாற்றம். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல், ஊத்தை, மேலெல்லாம் கல்லும் தூளும், கிழிந்த பாளங்கள். அதன் காலடியில் ஒரு ஏரி. இந்த நூற்றாண்டில் பனி பின்வாங்கிய பள்ளத்தில் உண்டான ஏரி அது. என் படிப்பித்தல் காலத்து வரைபடங்களில் இல்லை. பிறகு பனிக்குள் குடைந்த குகைக்குள் போனோம். 1870 அளவிலிருந்து ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குடைந்து வந்திருக்கிறார்கள், ஏனென்றால் போன வருடத்துக் குகை நகர்ந்து போய்விடும். உள்ளே சுவர், கூரை, எல்லாம் நீலம். பேனா மை நீலமில்லை, விடியமுன் கடலின் நீலம்.

வெளியே உதிரும் பனி வெள்ளை, உள்ளே கட்டி நீலம், இரண்டும் ஒரே பொருள். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. பஞ்சுப் பொதி மாதிரி. ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் ஒளி தெறித்துச் சிதறுவதால் வெள்ளை. அடுத்த வருடப் பனி மேலே விழுந்து அமுக்க, மணிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பத்து, இருபது வருடத்தில் காற்று போகும் வழிகள் அடைபட்டு, மிச்சக் காற்று குமிழிகளாகச் சிறைப்படும். அப்போதுதான் அது கட்டி. இனி ஒளி உள்ளே நெடுந்தூரம் போகலாம். போகப் போகச் சிவப்பைக் கட்டி குடித்துவிடுகிறது, நீலம் மட்டும் தப்பி வருகிறது. நான் தொட்ட சுவரில் இருந்த குமிழிகள், நூற்றாண்டுகளுக்கு முன்னர் மலையுச்சியில் வீசிய காற்று.

கட்டி என்னெண்டு ஓடும்? குகை வாசலில் அந்தப் பெடியனுக்கு மறுமொழி கிடைத்தது.

1827இல் ஹூகி என்றவர் கிறிம்சலுக்கு அருகே உன்ரர்ஆர் பனிக்கட்டியாற்றின் மேல் ஒரு சிறு குடில் கட்டினார். பன்னிரண்டு வருடம் கழித்து அகாசி போய்த் தேடினால், குடில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலே கீழிறங்கிப் போய்விட்டது. அகாசி தானும் ஒரு பெரும்பாறையின் கீழ் குடியிருந்து ஆராய்ந்தார். கேம்பருக்கு முன்னோடி, ஓட்டுநர் இல்லாத கேம்பர். 1874இல் ரோன் பனிக்கட்டியாற்றில் இன்னும் வடிவான ஒரு வேலை செய்தார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நேர்கோட்டில் கற்களை அடுக்கி, வரிசைக்கு ஒரு நிறமாகச் சாயம் பூசி விட்டார்கள். வருடாவருடம் வந்து அளந்தார்கள். நேர்கோடு வில்லாக வளைந்துகொண்டே போனது. நடுவில் இருந்த கற்கள் முந்தின, கரைக்கற்கள் பிந்தின. வாய்க்காலில் வைக்கோல் துரும்புகளைக் குறுக்கே போட்டுப் பாருங்கள், இதையேதான் செய்யும். சிறுபோகத்தில் மடைவாயில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த காட்சி. நாற்பது வருடம் அளந்தார்கள்.

ஓட்டத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, அடியில் உருகிய நீரின் மேல் முழுக்கட்டியும் வழுக்குவது. மற்றது நுட்பமானது. கட்டி என்பது கோடிக்கணக்கான பளிங்குகளின் அடுக்கு. ஒவ்வொரு பளிங்கும் சீட்டுக்கட்டு மாதிரித் தட்டுத்தட்டாக இருக்கிறது. மேலேயுள்ள பாரம் போதுமான அளவு கூடினால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். உடையாமலே உரு மாறும். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்குவது, பொறுமையாகப் பாரம் ஏற்றினால் களியாக வழியும். கட்டியா, ஆறா என்பது யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பெடியன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும்.

குகைக்கு மேலே பனியைப் போர்த்தியிருந்தார்கள். நிசமாகவே போர்வை, வெள்ளைத் துணிப்பாளங்கள், கிழிந்தும் தைத்தும். குளிருக்குப் போர்க்கிற நாங்கள். வெயிலுக்குப் போர்க்கிற பனி. வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும், உருகுவதை அரைவாசி அளவுக்குக் குறைக்கும். மூடாத பனி பக்கத்தில் சில மீற்றர் தாழ்ந்து கிடந்தது, மூடியது மேடாக நின்றது. காய்ச்சல்காரரைப் போர்த்து வைத்தது போல ஒரு காட்சி, பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒரு குகையைக் காப்பாற்றலாம். முழுப் பனிக்கட்டியாற்றையும் போர்க்க எந்த நெசவாலையாலும் முடியாது.

நிறம்தான் இதில் வினை. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பிவிடும். ஊத்தைக் கட்டி திருப்புவது இரண்டு, மூன்று பங்கு. 2022 மார்ச்சில் சகாரா மணல் காற்றில் வந்து அல்ப்ஸ் மேல் படிந்தது. அந்த வருடம் மேற்பனியும் குறைவு, கோடையும் கொடிது. சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் ஒரே வருடத்தில் தம் கனவளவில் 6 சதவீதத்தை இழந்தன.

நாங்கள் போன மாதமும் லேசுப்பட்டதில்லை. ஓகஸ்ட் 20இலிருந்து 21 விடியும் இரவில், வளிமண்டலத்தில் பூச்சியப் பாகைக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பலூன் விட்டு அளந்தார்கள்: 5,298 மீற்றர். அளக்கத் தொடங்கிய 1954க்குப் பின் அவ்வளவு உயரம் போனதில்லை. அல்ப்ஸ் மலையின் ஆக உயர்ந்த சிகரம் மொண்ட் பிளாங்க் 4,800 மீற்றரைச் சற்றே தாண்டும். அன்றிரவு அல்ப்ஸில் பனி உறைய இடமே இருக்கவில்லை.

குளத்துக் கணக்குத் தெரிந்தவருக்குப் பனிக்கட்டியாற்றின் கணக்கும் விளங்கும். வரத்து மேலே, செலவு கீழே. மேற்பாதியில் குளிர்காலத்தில் சேருவது வரத்து, கீழ்ப்பாதியில் கோடையில் உருகுவது செலவு. மேலே சேருவதைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறதுதான் அந்த ஓட்டம். கணக்கு நேராக இருந்தால் நுனி நின்ற இடத்தில் நிற்கும், ஆனாலும் பனி ஓடிக்கொண்டேதான் இருக்கும். செலவு மிஞ்சினால் நுனி பின்வாங்கும். பின்வாங்குகிறது என்கிறபோது பனி திரும்பி மலையேறுவதாக என் மாணவர்கள் நினைப்பார்கள். இல்லை, அது முன்னோக்கித்தான் வருகிறது. வந்துசேருமுன் தீர்ந்துபோகிறது. வற்றல் காலத்தில் அது விடும் கூடுதல் நீர் வட்டியல்ல, முதல்.

அந்தக் கணக்கை முடிக்கிற நாள் செப்டெம்பர் 30. அங்கே பனியை அளக்கிறவர்களுடைய நீர் வருடம் ஒக்டோபர் முதலாம் திகதி பிறக்கிறது. நாங்களும் அதே நாட்களில்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு காலபோகத்துக்கு நிலம் பண்படுத்துகிறோம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வருடப்பிறப்பு.

இரவு ஃபுர்காவுக்குக் கீழே ஒரு காம்பிங்கில் நின்றோம். மச்சான் இறக்கத்தில் பிறேக்கையே மிதித்துக்கொண்டு வந்ததில் பிறேக்கிலிருந்து தீய்ந்த மணம். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்க வேணும் என்று மருமகன் சொல்லச் சொல்ல அவர் கேட்கவில்லை. வாங்கிக் கட்டியது பிறேக்.

ஃபுர்கா ஒரு நீர்பிரி மேடு. கணவாயின் மேற்கே விழும் துளி ரோன் ஆறாகி, ஜெனீவா ஏரி கடந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது றைன் ஆற்றோடு சேர்ந்து வடகடலுக்கு. கடைசியில் எல்லாம் ஒரே கடல். அந்தக் கடலின் ஒரு நுனி முல்லைத்தீவு.

இருபதாயிரம் வருடங்களுக்கு முன்னர், பேர்ண் இருக்கும் இடம் பனிக்கு அடியில் இருந்தது. வட அமெரிக்காவின் வடபாதியும் ஸ்கண்டிநேவியாவும் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில். அவ்வளவு நீரும் கடலிலிருந்துதான் போயிருக்க வேண்டும். உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. அப்படியென்றால் பருத்தித்துறைக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கடல் இல்லை. மண். புல், மரம், மான், அதன் பின்னால் மனிதன். வடக்கே பனி கட்டிக் கிடந்தபோது இங்கே பாதை திறந்திருந்தது. அங்கே பனி விட்டபோது இங்கே நீர் வந்து மூடியது. நாங்கள் தீவு ஆனது எங்கோ பனி உருகியதால்.

இதில் அல்ப்ஸின் பங்கு மிகச் சிறிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் சுவிற்சர்லாந்தில் மிஞ்சியிருந்த பனி சுமார் 50 கன கிலோமீற்றர். உலகக் கடலின் பரப்பு 36 கோடி சதுர கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள், அவ்வளவும் உருகினாலும் கடல் உயர்வது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு மட்டில். உலகத்து மலைப்பனி முழுவதையும் சேர்த்தால் முப்பது சென்ரிமீற்றர் அளவு. கிரீன்லாந்து மட்டும் ஏழு மீற்றர் வைத்திருக்கிறது.

கிரீன்லாந்தில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பனியின் பாரமே தன் ஈர்ப்பால் சுற்றுக்கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகினால் அந்தப் பிடி தளரும். ஆகவே கிரீன்லாந்துக் கரையில் கடல் ஏறாது, இறங்கும். விடுபட்ட நீர் தூரத்துக் கடல்களுக்கு, மத்தியகோட்டுப் பக்கம், சராசரிக்கும் கூடுதலாக வந்து சேரும். உருகுகிற கரையில் குறைந்து, உருகுவதைக் காணாத கரையில் கூடும். எங்கள் பக்கத்து வட்டுவாகல் பாலத்தில் நின்று ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பையும் மறுபக்கம் பெருங்கடலின் மணல் திட்டையும் பார்த்தவர்களுக்கு, எத்தனை சாண் உயரத்தில் நாங்கள் இருக்கிறோம் என்பது தெரியும்.

செப்டெம்பர் கடைசியில் நான் ஊரில் இருந்தேன். மழை இன்னும் தொடங்கவில்லை. மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்: "மாமா, கணக்கு வந்திட்டுது. இந்த வருசம் பனியிலை 4 சதவீதம் போட்டுது." முந்தின வருடத்தோடு சேர்த்து இரண்டே வருடத்தில் பத்து. 1960 முதல் 1990 வரை முப்பது வருடத்தில் போனதும் அதே அளவுதான்.

அயலவர் ஒருவர் வந்திருந்தார். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். கைபேசியில் போர்வை போர்த்திய பனியின் படத்தைக் காட்டினேன். விரலால் பெருப்பித்து, கரையோரம் பாறையில் நிறம் மாறுகிற கோட்டைக் கண்டுபிடித்தார். மேலே பழுப்பு, கீழே பனி விட்டுப்போன புதிய வெளிறல். குளத்தில் தண்ணீர் இறங்கினால் கட்டுக் கற்களில் விழுமே, அதே கோடு. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"முந்தி உதுமட்டும் நிண்டிருக்கு," என்றார் கோட்டைத் தொட்டு. பிறகு கேட்டார்: "இப்ப எத்தினை அடி நிக்குது?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளுங்கோ. வாற போகத்துக்குக் காணுமோ எண்டும் கேளுங்கோ."